பாசம் வைத்தவருக்கே அணி சொந்தம்!

இவ்வளவு நேரமும் பணத்தின் பெருமையைப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போன எதிரணி நண்பர்களே! அடுப்பிலே சாம்பாரை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே... அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா! (சிரிப்பு)

விளையாட்டு அணி யாருக்குச் சொந்தம்? பணம் போட்டவருக்கா, பாசம் வைத்தவருக்கா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனாரு. "நான் வாங்கின மாடு. தீனி போடறது நான். அதை எந்தத் தொழுவத்துல கட்டணும்னு பக்கத்து வீட்டுக்காரன் எப்படிய்யா சொல்லலாம்?" அப்படின்னாரு. நீங்களும் பலமாக் கை தட்டினீங்க. நல்ல கேள்விதான். ஆனா நடுவர் அவர்களே, அவர் மாட்டை வித்துட்டா பக்கத்து வீட்டுக்காரன் அழமாட்டான். ஓர் அணியை ஓட்டிக்கிட்டுப் போனபோது ஊரே உட்கார்ந்து அழுதிருக்கு. அழுது முடிச்சு எழுந்து ஒரு காரியமும் செஞ்சிருக்கு. அந்தக் கதையைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

விம்பிள்டன்னு சொன்ன உடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டென்னிஸ். வெள்ளைச் சட்டை, பச்சைப் புல்லு. எங்க அக்கா மகன் லண்டன்லே அந்தப் பக்கம்தான் குடியிருக்கான். அவனைக் கேட்டா, "மாமா, விம்பிள்டன்னா எனக்குப் பிள்ளையார் கோயில்தான்"பான். ஆமாங்க, 1981-லேயே அங்கே நம்ம தமிழர்கள் பிள்ளையாருக்குக் கோயில் எழுப்பிட்டாங்க. நம்மாளு எங்கே போனாலும் முதல்லே பிள்ளையாருக்கு ஓர் இடம் பார்ப்பான், அப்புறந்தான் தனக்கு வீடு பார்ப்பான். (கைதட்டல்) இந்தப் பிள்ளையாரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாலே வருவாரு.

அந்த ஊருக்கு மூணாவதா ஒரு பெருமை உண்டு. அது கால்பந்து. 1889-லே ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச குழு. 1912-லேருந்து பிளவ் லேன்னு ஒரு சின்ன மைதானம். சுத்திலும் செல்சி, ஆர்சனல்னு பணக்காரப் பங்காளிகள். இவங்க ஏழை வீட்டுப் பிள்ளை. 1977-லேதான் லீக்குக்குள்ளேயே கால் வச்சாங்க, அதுவும் கடைசிப் படியிலே. அங்கிருந்து ஒன்பதே வருஷத்துலே, 1986-லே, மேல் டிவிஷனுக்கு வந்துட்டாங்க.

1988 மே 14. வெம்ப்ளி மைதானம். எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. எதிரே யாரு? அந்த வருஷ லீக் சாம்பியன் லிவர்பூல்! நம்ம ஊர்ப் பையன் குத்துச்சண்டை வீரனோட மேடை ஏறின மாதிரி. லாரி சான்செஸ் தலையாலே ஒரு கோல் போட்டாரு. லிவர்பூலுக்கு ஒரு பெனால்டி கிடைச்சுது. கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்துட்டாரு. வெம்ப்ளியிலே நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியிலே பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 1-0. கோப்பை விம்பிள்டனுக்கு!

இந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நிலைச்சுது? 1989-லே ஹில்ஸ்பரோ மைதானத்துலே கூட்ட நெரிசல். அந்தக் கோரத்துலே உயிரிழந்தவங்க 97 பேர். அதுக்கப்புறம் பெரிய டிவிஷன் மைதானங்கள்லே நின்னு பார்க்கக்கூடாது, எல்லாருக்கும் நாற்காலி போடணும்னு விதி வந்துது. சரியான விதிதான், குறை சொல்லலை. பிளவ் லேனை அப்படி மாத்திக் கட்ட முடியாதுன்னு நிர்வாகம் சொன்னாங்க. 1991-லே மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு, சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி, கிரிஸ்டல் பேலஸ் அணியோட செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்கு வாடகைக்குப் போனாங்க.

வாடகை வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும் அய்யா! கல்யாணமாகி ஒன்பது வருஷத்துலே ஏழு வீடு மாறினவன் நான். சுவத்துலே ஒரு ஆணி அடிக்க முடியாது. எங்க மாமனார் படத்தை மாட்ட முடியாம அலமாரிக்குள்ளேயே வச்சிருந்தோம். "எங்கப்பா உள்ளே மூச்சு முட்டறாரு"ன்னு என் மனைவி சொல்லுவா. (சிரிப்பு) எனக்கு ஏழு வீடு. அந்த அணிக்கு ஒரே வாடகை வீடு, ஆனா பன்னிரண்டு வருஷம்! ரசிகன் என்ன நினைச்சான்? "கொஞ்ச நாள்தானே, சொந்த வீட்டுக்குத் திரும்பிடுவோம்"னு நினைச்சான்.

அவன் இப்படி நினைச்சுக்கிட்டிருக்கும்போதே மேலே வேற கணக்கு ஓடிக்கிட்டிருந்தது. 1997-லே சாம் ஹம்மாம் என்ற உரிமையாளர் கிளப்பை நார்வே நாட்டுப் பணக்காரர்கள் ரெண்டு பேருக்கு வித்தாரு. பிளவ் லேன் நிலம் 1998-லே ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குப் போச்சு. அணியை அயர்லாந்துலே டப்ளினுக்கே கொண்டு போயிடலாமான்னு கூட ஒரு பேச்சு. கடல் தாண்டி! ரசிகன் ஒவ்வொரு காலையும் பேப்பரைப் பிரிக்கும்போது வயித்துலே புளியைக் கரைக்கும். இன்னிக்கு எந்த ஊர் பேரு வந்திருக்கோ?

2001 ஆகஸ்டிலே வந்துது பாருங்க, ஒரு ஊர் பேரு. மில்டன் கீன்ஸ். விம்பிள்டனுக்கு வடக்கே 90 கிலோமீட்டர். 1967-லே அரசாங்கம் திட்டம் போட்டு உருவாக்கின புது நகரம். அங்கே லீக் அணி கிடையாது. அணியைக் கொண்டு வந்தா மைதானம், பக்கத்துலே பெரிய பெரிய கடைகள்னு ஒரு திட்டம். லீக் நிர்வாகம் முதல்லே முடியாதுன்னாங்க. மேல்முறையீடு, நடுவர் குழு, அது இதுன்னு இழுத்து, கடைசியிலே மூணு பேர் கொண்ட ஆணையம் உட்கார்ந்துது. 2002 மே 28, தீர்ப்பு. ரெண்டு பேர் "போகலாம்", ஒருத்தர் "கூடாது". ரெண்டுக்கு ஒண்ணு! நூத்திப் பதிமூணு வருஷ உறவு ஒத்தை ஓட்டுலே போச்சு.

நடுவர் அவர்களே, நீங்க ஒருத்தரா உட்கார்ந்து தீர்ப்புச் சொல்றதே எவ்வளவு நல்லதுன்னு இப்பத்தான் புரியுது! (சிரிப்பு)

இப்போ அந்தப் பிள்ளையாரைக் கூப்பிடறேன். கோயிலுக்குத் தர்மகர்த்தா இருக்காரு. விளக்குக்கு எண்ணெய் அவர் வாங்கறாரு, மதிலுக்கு வெள்ளை அவர் அடிக்கிறாரு. கைப்பணம் கூடப் போடறாரு, இல்லைங்கலை. அதுக்காக ஒருநாள் ராத்திரி, "இந்த ஊர்லே உண்டியல் நிறைய மாட்டேங்குது, பைபாஸ் ரோட்டுப் பக்கம் கொண்டு போறேன்"னு மூலவரைப் பேர்த்து லாரியிலே ஏத்தினா, சும்மா விடுவோமா? (பலத்த கைதட்டல்) ஓர் அணிக்குப் பணம் போடறவர் தர்மகர்த்தா. பெரிய மனுஷன், முதல் மரியாதை குடுப்போம், பரிவட்டம் கட்டுவோம். ஆனா சாமி அவர் வீட்டுச் சொத்து இல்லை.

எதிரணித் தலைவர் சிரிக்கிறாரு. "அழுது என்ன பிரயோஜனம், தீர்ப்பு வந்தாச்சே"ங்கிறாரு. அங்கேயும் அப்படித்தான் நினைச்சாங்க. ரசிகர்கள் சேர்ந்து புதுசா ஓர் அணியை அடிமட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்கிற கருத்தை அந்த ஆணையம் தீர்ப்பிலேயே எழுதி வச்சுது. புருஷன் வீட்டை வித்துட்டுப் போயிட்டான். "நீ குடிசை போட்டா ஊருக்கு அழகா இருக்காது, போடாதே"ன்னு பொண்டாட்டிக்குப் புத்தி சொன்ன மாதிரி!

அவங்க கேட்டாங்களா? ரெண்டே நாள்லே ஊர்ச் சமுதாயக் கூடத்துலே கூட்டம் போட்டாங்க. ஏ.எஃப்.சி. விம்பிள்டன்னு பேரு. முதலாளி? ரசிகர்களே. ஆட்டக்காரன் யாரு? ஒருத்தனும் இல்லை! பந்து இருக்கு, பாசம் இருக்கு, பதினோரு பேர் இல்லை. ஜூன் 29-ஆம் தேதி விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடல்லே, "விளையாடத் தெரிஞ்சவங்க வாங்கப்பா"ன்னு கூப்பிட்டாங்க. 230 பேர் வந்தாங்க. அதிலேருந்து பொறுக்கி எடுத்துச் சேர்த்தாங்க. தீர்ப்பு வந்து ஆறு வாரம் கழிச்சு, ஜூலை 10, முதல் ஆட்டம். பக்கத்து ஊரான சட்டன் அணியோட. முடிவு என்ன தெரியுமா? 4-0. தோத்துட்டாங்க! (சிரிப்பு) ஆனா பார்க்க வந்த கூட்டம் 4,500 பேருக்கு மேலே. கூட்டம் தாங்காம ஆட்டத்தையே தாமதமாத்தான் ஆரம்பிச்சாங்க. நாலு கோல் வாங்கிட்டுச் சந்தோஷமா வீட்டுக்குப் போன கூட்டத்தை வேற எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

அதே நேரத்துலே அந்தப் பக்கம் என்ன ஆச்சு? பணம் போட்டவர்கிட்ட எல்லாம் இருந்துது. லீக்கிலே இடம் இருந்துது, ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரங்க இருந்தாங்க, பழைய பேரு கூட அப்போ அவர்கிட்டதான் இருந்துது. மில்டன் கீன்ஸ்லே மைதானம் தயாராகாததாலே இன்னும் ஒரு வருஷம் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆடினாங்க. 2002 அக்டோபர்லே ஓர் ஆட்டம், ரோதர்ஹாம் அணியோட. இங்கிலாந்தின் ரெண்டாவது பெரிய டிவிஷன். பார்க்க வந்தது எத்தனை பேர்? 849! எங்க தெருவிலே ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் வருவாங்க அய்யா! சாப்பாட்டுக்கு வந்தவங்களையும் சேர்த்துத்தான். (சிரிப்பு) கீழ்ப்படியிலே ஆடின ரசிகர் அணிக்கு அந்த வருஷம் சராசரி 3,000 பேர். மேல்படியிலே ஆடின முதலாளி அணிக்கு அதைவிடக் குறைவு. 2003 ஜூன்லே அந்தக் கம்பெனி கடன்லே முழுகி நிர்வாகியோட கைக்குப் போச்சு. செப்டம்பர்லே மில்டன் கீன்ஸுக்கு வண்டி ஏறிச்சு. 2004-லே பேரையும் மாத்திக்கிட்டாங்க, மில்டன் கீன்ஸ் டான்ஸ்னு.

எதிரணி நண்பரே, நீங்க சொன்ன மாட்டை அவர் ஓட்டிக்கிட்டுத்தான் போனாரு. தொழுவத்துலே போய்ப் பார்த்தா கயிறுதான் இருந்துது!

இங்கே ஒரு நியாயமும் பேசணும். "ரசிகன் பாசம் வச்சா போதுமா? கரண்டு பில்லைப் பாசத்தாலே கட்ட முடியுமா?"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. முடியாதும்மா. எங்க வீட்டிலேயே முயற்சி பண்ணிப் பார்த்தேன், பீஸைப் பிடுங்கிட்டான். (சிரிப்பு) ரசிகர் கையிலே இருக்கிற அணி வறுமையைத் தாங்கித்தான் ஆகணும். பெரிய ஆட்டக்காரனை வாங்க முடியாது. நல்லா ஆடற பையனை வளர்த்து, ஆளாக்கி, பெரிய வீட்டுக்கு அனுப்பி வைக்கணும், பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி. அந்தக் கண்ணீரும் உண்டு. இதை மறைச்சுப் பேசினா நான் நேர்மையானவன் இல்லை.

ஆனா அந்த வறுமையிலே அவங்க செஞ்சதைக் கேளுங்க. 2003 பிப்ரவரியிலேருந்து 2004 டிசம்பர் வரைக்கும் தொடர்ந்து 78 லீக் ஆட்டம் தோக்கலை. அந்த நாட்டு சீனியர் கால்பந்துலே அது சாதனை. படிப்படியா ஏறி, 2011 மே மாசம், மான்செஸ்டர்லே, லூட்டன் அணியோட கடைசி ஆட்டம். கோல் விழலை. பெனால்டியிலே 4-3. ஒன்பது வருஷத்துலே அஞ்சு படி ஏறி லீக்குக்குள்ளே வந்துட்டாங்க! முன்னே லீக்கோட கடைசிப் படியிலேருந்து உச்சிக்கு ஏற எடுத்ததும் அதே ஒன்பது வருஷம்தான். 2016-லே இன்னொரு படி. 2022-லே ஒரு படி சறுக்கல். 2025-லே வெம்ப்ளியிலே வால்சால் அணியை 1-0-ன்னு ஜெயிச்சு மறுபடி ஏத்தம். ஒழுங்காக் குடும்பம் நடத்தற வீட்டிலே இருக்கிற ஏத்த இறக்கம்தான்.

இன்னொரு நண்பர், "ஏதோ ஒரு ஊர்லே நடந்தது, அதை வச்சுப் பேசறாரே"ன்னு முணுமுணுத்தாரு. அமெரிக்காவுக்கு வர்றீங்களா? அங்கேயும் ஒரு ஃபுட்பால் இருக்கு, கையிலே தூக்கிக்கிட்டு ஓடறது. பேருதான் ஃபுட்பால், காலுக்கு வேலை கம்மி. 1984-லே பால்டிமோர் ஊர்லேருந்து கோல்ட்ஸ் அணியை ராத்திரியோட ராத்திரியா லாரிகள்லே சாமானை ஏத்தி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. விடிஞ்சு பார்த்தா அணி இல்லை. அந்த பால்டிமோர்க்காரன் என்ன பண்ணினான்? 1995-லே கிளீவ்லாந்து ஊர் அணியை இழுத்துக்கிட்டான்! மாமியார்கிட்ட பட்ட கஷ்டத்தை மருமகள்கிட்ட காட்டற கதை. ஆனா கிளீவ்லாந்துக்காரன் சண்டை போட்டான், கோர்ட்டுக்குப் போனான். முடிவிலே, "ஆட்டக்காரங்களைக் கூட்டிட்டுப் போ, பிரௌன்ஸ்ங்கிற பேரு, நிறம், பழைய சரித்திரம் மூணும் எங்க ஊர்லேயே இருக்கும்"னு எழுதி வாங்கினான். மூணு வருஷம் காத்திருந்தான். 1999-லே அதே பேர்லே புது அணி வந்து ஆடிச்சு. அந்த லீக்கிலேயே கிரீன் பே பேக்கர்ஸ்னு ஓர் அணி இருக்கு. சுமார் ஒரு லட்சம் பேர் வாழற சின்ன ஊர். அணிக்குப் பங்குதாரர் 5 லட்சம் பேருக்கு மேலே. அந்தப் பங்குலே லாபம் வராது, சந்தையிலே விக்கவும் முடியாது. ஒரு காகிதம், சட்டம் போட்டுச் சுவத்துலே மாட்டிக்கலாம். லீக்கிலே அதிக முறை பட்டம் வாங்கின அணி எது? அதுதான்!

இப்போ நானே எனக்கு எதிரா ஒரு கேள்வி கேட்டுக்கறேன். எதிரணிக்காரங்க கேட்க மறந்துட்டாங்க, பாவம். மில்டன் கீன்ஸ்லே பொறந்த குழந்தை என்ன பாவம் பண்ணிச்சு? அது கண்ணு முழிக்கும்போதே அங்கே அணி இருக்கு. அப்பா தோள்லே உட்கார்ந்து பார்த்திருக்கு. 2014-லே அந்த அணி மான்செஸ்டர் யுனைட்டெட்டையே 4-0-ன்னு அடிச்சுது. அந்தப் பிள்ளைங்க துள்ளிக் குதிச்சிருக்கும். விம்பிள்டன்காரங்களுக்கு இன்னிக்கும் ஆறலை. 2017-லே ரெண்டு அணியும் விம்பிள்டன்காரங்க மைதானத்துலே மோதினப்போ, பலகையிலே வெறும் "மில்டன் கீன்ஸ்"னு போட்டாங்க, முழுப் பேரைப் போடலை. லீக் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கிற அளவுக்குப் போச்சு. பங்காளிச் சண்டையிலே பேரைச் சொல்லாம "அந்த வீட்டுக்காரங்க"ம்போம் பாருங்க, அதேதான். ஆனா நான் சொல்றேன், அந்தப் பிள்ளைக்கும் அந்த அணி சொந்தம். நாளைக்கு ஒரு பணக்காரர் வந்து மில்டன் கீன்ஸ்லேருந்து அதைப் பேர்த்து எடுத்தா, அப்பவும் நான் இதே மேடையிலே அந்தப் பிள்ளைக்காகப் பேசுவேன். (கைதட்டல்)

அவங்களும் ஒரு நல்ல காரியம் செஞ்சாங்க. 2007-லே பழைய விம்பிள்டன் அணியோட கோப்பைகள், பட்டங்கள், அந்த 1988 கோப்பையோட நகல் உட்பட, விம்பிள்டன் இருக்கிற மெர்ட்டன் மாநகராட்சிகிட்டே ஒப்படைச்சுட்டாங்க. வாங்கின பொருளை ஏன்யா திருப்பிக் குடுக்கணும்? பணம் குடுத்தும் அது தனக்குச் சொந்தமாகலைன்னு தெரிஞ்சுதானே? 2025-லே அந்த நாட்டுப் பார்லிமென்ட் கால்பந்து நிர்வாகத்துக்குன்னே ஒரு சட்டம் கொண்டு வந்துது. கிளப் தன் மைதானத்தை விட்டு வேற இடம் போகணும்னா தனி ஒழுங்குமுறை அமைப்போட அனுமதி வேணும். சட்டை நிறத்தை, சின்னத்தை மாத்தணும்னா ரசிகர்களைக் கேட்கணும். உரிமையாளர் தன் சட்டைக்குச் சாயம் மாத்த ஊரைக் கேட்கணுமாம்!

மணி அடிச்சிட்டீங்க, தெரியுது அய்யா. ஒரே ஒரு நிமிஷம். வீடு திரும்பின கதையைச் சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது.

பழைய பிளவ் லேன்லேருந்து கூப்பிடு தூரத்துலே, நாய்ப் பந்தய மைதானம் இருந்த இடத்துலே, அந்த ரசிகர்கள் சொந்தமா ஒரு மைதானம் கட்ட ஆரம்பிச்சாங்க. பாதியிலே பணம் பத்தலை. 2019 கடைசியிலே, பெரிய முதலீட்டாளரைக் கூப்பிட்டுப் பிடியை விட்டுக் குடுத்துடலாமாங்கிற நிலைமை. மறுபடி வயித்துலே புளி! விட்டுக் குடுக்கலை. ரசிகர்கள்கிட்டேயே கடன் பத்திரம் போட்டாங்க. "எனக்கு வட்டியே வேண்டாம்"னு எழுதிக் குடுத்தவங்களும் உண்டு. 50 லட்சம் பவுண்டுக்கு மேலே சேர்ந்துது. சின்னச் சின்ன முதலீட்டாளர்கள் கூட இருந்தாலும், பெரும்பான்மை ரசிகர் அறக்கட்டளை கையிலேயே நின்னுது.

2020 நவம்பர் 3. இருபத்தொன்பது வருஷம் கழிச்சு சொந்த வீட்டிலே முதல் ஆட்டம், டான்காஸ்டர் அணியோட. விளக்கு எரியுது, புல்லு பளபளக்குது, பந்து நடுவிலே இருக்கு. நாற்காலி எல்லாம் காலி! கொரோனா காலம். ரசிகர்களை உள்ளே விடக்கூடாதுன்னு அரசாங்க உத்தரவு. கடன் குடுத்துக் கட்டினவன் அத்தனை பேரும் கதவுக்கு வெளியிலே, அவனவன் வீட்டிலே, நம்ம சகோதரிகள் இப்போ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பெட்டி முன்னாலே உட்கார்ந்து பார்த்தான். ஆட்டம் 2-2.

அடுத்த மணியும் அடிச்சிட்டீங்க. நல்ல தீர்ப்புச் சொல்லுங்கன்னு கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)